அலுமாரிக்குள்ள வான்கோழி

இல்ல ஃபாதர், அதத்தானே நானும் சொல்றன்! பாவம் செய்தது அவரு, முழங்கால்ல நிக்கிறது நானா? இது எந்த ஊரு ஞாயம்? எனக்கு ரெண்டு முழங்காலும் வாதம். படியேறவே வேணாமென்டு டொக்டர் சொன்னவரு. அப்பிடியும் வந்து இந்தப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் பக்கத்தில நிக்கன். ஆருக்காக? அந்த மனிசனுக்காக. அவரென்டா வீட்டில வாயில ஆணிய வச்சிக்கிட்டு இருக்காரு. ரெண்டு நாளா! பட்டறையில வேலையொண்டும் இல்ல. சும்மா கதிரையில இருக்கிற மனிசனுக்கு வாயில என்னத்துக்கு ஆணி? சோறு தின்ன மட்டும் எடுக்காரு. திண்டு, கை கழுவி, மறுகா வச்சிர்ராரு.

ஆ… நான் பிறெண்டா, ஃபாதர். வாவிக்கரையில, பச்சைக் கேற் வீடு. என்ட மனிசன் பேர்டி, தச்சு வேலை. பேர்டி ஓடாவி என்டு கேட்டா ஆரும் காட்டுவாங்க. என்ன? இஞ்ச பேரு சொல்லத் தேவையில்லையா? சரி, சொன்னத மறந்திருங்க. ஆனா அவர உங்களுக்குத் தெரியும். நீங்க இந்தக் கோயிலுக்கு மாறி வந்த முதல் ஞாயிறு, பூசை முடிஞ்சு வாசல்ல எல்லாரும் கைகுடுத்து, "நல்ல பிரசங்கம் ஃபாதர், நல்ல பிரசங்கம் ஃபாதர்" என்டு சொல்லக்குள்ள, ஒரு நெடுவல் மனிசன் வந்து, "ஃபாதர், பிரசங்கம் நீளம். பாதியில நித்திரையாப் போயிற்றன்" என்டு சொன்னாரே? ஆ, அவருதான்!

அவரு பொய் சொல்ல மாட்டாரு. அதுதான் அவருட வியாதி. முப்பத்திரெண்டு வருசம் நான் அந்த வியாதியோட குடும்பம் நடத்தியிருக்கன். கலியாணத்தண்டைக்கு, நான் வெள்ளைச் சட்டையோட, தலையில முக்காட்டோட வந்து நிக்கன். "எப்பிடி இருக்கன்?" என்டு கேட்டன். எந்த மாப்பிளையும் என்ன சொல்லுவான்? இவரு பாத்தாரு, ரெண்டு தரம் பாத்தாரு, "முகத்தில பவுடர் மா கூடிப்போச்சு" என்டாரு! எங்கட மகள் நட்டாஷாவைப் பாக்க மாப்பிளை வீட்டார் வந்த நேரம், "புள்ள நல்லாச் சமைக்குமா?" என்டு கேக்காங்க. நான் வாயத் திறக்க முதல் இவரு, "இல்ல, முட்ட அவிச்சாலும் கருக்கிப்போடும்." அது கடவுள் செயல், அந்தப் பொடியனுக்குச் சிரிப்பு வந்து கட்டிக்கிட்டான். இப்ப ரெண்டு பேரும் அவுஸ்திரேலியாவில, கடையில வாங்கித் தின்னுறாங்க.

அதெல்லாம் போகட்டும். அவருட தம்பி அஷ்லிட காணி வழக்குக்குச் சாட்சி சொல்லக் கூப்பிட்டாங்க. எல்லைக்கல்லு எங்க இருந்தது? ரெண்டு முழம் இங்கால இருந்ததென்டு சொன்னா தம்பிக்குக் காணி. கூடப்பிறந்த தம்பி, ஃபாதர்! இவரு போய், "கல்லு அங்கால மாமரத்தடியில இருந்தது" என்டு சொல்லிற்று வந்தாரு. அஷ்லி கதைச்சு ஒம்பது வருசம். நத்தாருக்குக் கேக் அனுப்பினா அப்பிடியே திரும்பி வரும், வெட்டாம. நான் கேட்டன், "ஏன் மனிசா, ஒரு சொல்லுத்தானே?" என்டு. "கல்லு மாமரத்தடியிலதான் இருந்தது, பிறெண்டா." அவ்வளவுதான் கதை.

நான் அப்பிடி இல்ல. மறைக்க மாட்டன். நான் பொய் சொல்லுவன், நன்மைக்குத்தான் சொல்லுவன். ஒரு பொய்யில ஒரு சனம் சிரிக்குமென்டா அதில என்ன குத்தம்? எங்கட முன்வீட்டில சின்னத்தங்கம் அக்கா என்டு ஒரு மனிசி. மகன் இத்தாலிக்குப் போய்ப் பதினாலு வருசம், ஒரு போன் கோல் இல்ல. கடைசி நாள் என்ட கையப் புடிச்சிக்கிட்டு, "மகன் எடுத்தானா?" என்டு கேட்டா. நான், "எடுத்தவன் அக்கா, இப்பதான் எடுத்தவன், ரிக்கற் போட்டிற்றானாம்" என்டன். அந்த முகத்த நீங்க பாத்திருக்கணும் ஃபாதர். பின்னேரம் போயிற்றா. சிரிச்ச முகத்தோட போயிற்றா. பேர்டி பக்கத்திலதான் நிண்டாரு. வீட்ட வந்து கால் கழுவக்குள்ள சொல்றாரு, "அந்த மனிசி இல்லாத ஒண்ட நம்பிக்கிட்டுப் போயிற்று" என்டு. "நம்பினதால சந்தோசமாப் போச்சே!" என்டன். "ஓம், அதுவும் உண்மைதான்" என்டாரு. அண்டைக்கு முழுக்கச் சோறு தின்னல்ல. அதுதான் அவருட பிரச்சினை, ரெண்டு பக்கமும் உண்மை இருந்தா அவருக்குச் சோறு இறங்காது.

என்ன? என்ட பாவமா? வாறன் ஃபாதர், வாறன். சொணங்காம வாறன். வான்கோழிக்கு வந்திற்றன்.

எங்கட பின்வீடு வினாயகமூர்த்தி அண்ணன். தபால் கந்தோரில இருந்து பென்சன் எடுத்தவரு, நல்ல மனிசன், கோழி வளப்பாரு. ஒரு வான்கோழிச் சேவல் வாங்கி வளத்தாரு. நல்ல கறுப்பு, வெயில் பட்டா செம்புப் பாத்திரம் மாதிரி மினுங்கும். மகன் மதுரன் கனடாவில இருந்து எட்டு வருசத்துக்குப் பிறகு வாறான், வந்த உடன வெட்டிச் சமைக்கணுமென்டு நேத்திக்கடன் மாதிரி வளத்தாரு. போன சனிக்கிழம வெட்டுறதென்டு முடிவு. வெள்ளிக்கிழம காலமை அந்த வான்கோழி என்ட குசினிக்குள்ள, அடுப்படியில வந்து நிக்கிது.

எப்பிடி வந்ததா? அது… வந்தது ஃபாதர். கால் இருக்குத்தானே, நடந்து வந்தது. அடைக்கலம் என்டு வந்த உயிர நான் என்ன செய்ய? கத்திக்குத் திருப்பி அனுப்பவா? நான் கணக்குப் பாத்தன். ஒரு பக்கம் ஒரு உயிரு, மறு பக்கம் ஒரு நேரச் சாப்பாடு. மதுரனுக்கு ஊர்க்கோழி அடிச்சுக் குடுத்தாலும் தின்னுவான். எந்தத் தட்டுப் பாரம்? சொல்லுங்க பாப்பம்.

ஆனா வீட்டில பேர்டி இருக்காரே! வினாயகமூர்த்தி அண்ணன் வந்து, "பேர்டி, என்ட வான்கோழியக் கண்டியா?" என்டு கேட்டா, "குசினியில நிக்கிது, கூட்டிக்கிட்டுப் போ" என்டு சொல்லுவாரு. கொலைகாரன் கத்தியோட வந்து கேட்டாலும், "கட்டிலுக்குக் கீழ ஒளிச்சிருக்கான், தலைய இடிச்சிக்காத" என்டு சொல்ற மனிசன் அவரு. அதால நான் சொன்னன், "பேர்டி, சுவரப் பாத்துத் திரும்பி நில்லுங்க. நான் இத எங்க வைக்கனென்டு பாக்க வேணாம். தெரியாட்டித் தெரியாதென்டு சொல்லலாம், பொய்யில்ல." அவரு யோசிச்சாரு. "வீட்டுக்குள்ள வந்தது எனக்குத் தெரியுமே, சத்தம் கேட்டதே" என்டாரு. வெளியில கேற் சத்தம் கேக்குது, வினாயகமூர்த்தி அண்ணன் வாறாரு! நான் ஒரு கை ஆணிய அள்ளி, "ஆவெண்டுங்க" என்டு அவருட வாய்க்குள்ள போட்டிற்றன்.

ஓடாவிமார் வாயில ஆணி வைக்கிறது புதினமில்லத்தானே ஃபாதர். வாயில ஆணி இருந்தா கதைக்க ஏலா, கதைக்காட்டிப் பொய்யில்ல. அவரும் அதுக்கு ஒத்துக்கொண்டாரு, கண்ணால.

நான் வான்கோழியத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குள்ள ஓடினன். அங்க ஒரு அலுமாரி நிண்டது, முதிரை மரம், கண்ணாடி வச்சது. சித்தாண்டியில இளையதம்பி என்டு வயல் செய்யிற ஒரு கமக்காரன், அவருட மகள் அஜந்தாவுக்கு இந்த வியாழக்கிழம கலியாணம், அதுக்குச் செய்வித்த அலுமாரி. கதவத் திறந்தன், உள்ள தள்ளினன், பூட்டினன். பின்பலகையில காத்துப் போக ஓட்டை இருக்கு, அது பயமில்ல. இருட்டில அது சத்தமும் போடாது.

மறுகா வினாயகமூர்த்தி அண்ணன் வந்து வாங்கில குந்தினாரு. "பேர்டி, கண்டியா?" இவரு பலகையொண்ட எடுத்து ஆணி அடிக்காரு. "பேர்டி, உன்னத்தான்." டக் டக் டக். தலையாட்டவும் மாட்டாரு, தலையாட்டினாலும் பொய்தானாம். அந்தாளு போவாரென்டா போறாரில்ல. தேத்தண்ணி குடுத்தன், குடிச்சாரு. விசுக்கோத்துக் குடுத்தன், திண்டாரு. வாயில ஆணி முடிஞ்சா பதில் சொல்லணுமே, அதால இவரு முடிய முடிய அள்ளிப் போடுறாரு. முக்கால் மணித்தியாலம்! ஒரு முழப் பலகையில எம்பது ஆணி! வினாயகமூர்த்தி அண்ணன் எழும்பி வந்து பலகையப் பாத்திற்று, "இது என்னது தங்கச்சி?" என்டு கேக்காரு. நான், "வெளிநாட்டு மொடல் அண்ண. தேங்காய் துருவ" என்டன்.

அண்ணன் போகாட்டி என்ட மனிசன் ஆணிய முழுங்கிச் செத்துப்போவாரென்டு எனக்குப் பயம் வந்திற்று. அப்பதான் ஃபாதர்… அந்தச் சொல்லு வந்தது. "அண்ண, நான் உங்களுக்குச் சொல்லாமத்தான் இருந்தன். விடியக் காலமை வாவிக்கரையில ஒரு முதலை கறுப்பா என்னத்தையோ கவ்விக்கிட்டுப் போனதக் கண்டன்" என்டு சொல்லிப்போட்டன்.

சின்னப் பொய்! வான்கோழி செத்துப்போச்சென்டு நினைச்சா ஒரு நாள் அழுவாரு, ரெண்டாம் நாள் மறப்பாரு. அதான் என்ட கணக்கு. ஆனா அந்தாளு, "எங்க, எந்த இடம், காட்டு" என்டு என்னையும் இழுத்துக்கொண்டு வாவிக்கரைக்குப் போயிற்றாரு. நான் ஒரு இடத்தக் காட்டினன். சனம் கூடிற்று. "நானும் கண்டன்" என்டு ஒரு ஆள். "எனக்கும் வால் தெரிஞ்சது" என்டு இன்னொரு ஆள். சொன்ன எனக்கே சந்தேகம் வந்திற்று, உண்மையிலயே கண்டனோ என்டு! அண்டைக்குப் பின்னேரம் இறால் வலைக்குப் போற அஞ்சு குடும்பம் தோணிய இறக்கல்ல. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில வாவிப்பக்கக் கேற்றப் பூட்டிற்றாங்க. வனஜீவராசித் திணைக்கள ஆக்கள் இரும்புக் கூட்டோட வந்தாங்க. சனிக்கிழம காலமை ஒண்டப் புடிச்சும் போட்டாங்க, ஃபாதர்! ஏழடி. அது பாட்டுக்கு வெயில் காய்ஞ்சிக்கிட்டு இருந்ததாம்.

"வயித்தக் கிழி, வயித்தக் கிழி, வான்கோழி உள்ளதான் கிடக்கும்" என்டு சனம் கத்துது. வனஜீவராசிப் பெரியவரு, "முதலைய வெட்டச் சட்டத்தில இடமில்ல" என்டு சொல்லி, கட்டி லொறியில ஏத்தி, உன்னிச்சைக் குளத்துப் பக்கம் கொண்டுபோய் விட்டிற்றாரு. போகக்குள்ள அது என்னைப் பாத்தது. ஓம் ஃபாதர், சிரிக்காதீங்க, என்னையேதான் பாத்தது. அதுக்கும் இஞ்ச குடும்பம் குட்டி இருந்திருக்கும். ஒரு வான்கோழிக்காக ஒரு முதலைய ஊர் கடத்திற்றன். மறுகா அந்த அஞ்சு குடும்பம். தட்டு எந்தப் பக்கம் சாயுதென்டே தெரியல்ல எனக்கு.

இருங்க, அது இல்ல முக்கியம். வெள்ளிக்கிழம நான் வாவிக்கரையில முதலை காட்டிக்கிட்டு நிக்கிற நேரம், இஞ்ச வீட்டுக்கு ரதீஸ் வந்திருக்கான். ரதீஸ்தான் மாப்பிளை, அந்த அஜந்தாவைக் கட்டப்போற பொடியன். சின்ன லொறி ஓடுறவன். தன்ட லொறி இருக்கக்குள்ள எதுக்குக் கூலி லொறி என்டு அலுமாரியத் தானே ஏத்திக்கொண்டு போக வந்திருக்கான். நல்ல நேரம் முடிய முதல் பொண்ணு வீட்டில இறக்கணுமாம். பேர்டிக்கு வான்கோழி எங்க இருக்கென்டு தெரியா, சுவரப் பாத்துத்தானே நிண்டாரு! தானும் ஒரு பக்கம் புடிச்சு ஏத்தி விட்டிருக்காரு. நான் வந்து பாக்கன், பட்டறையில அலுமாரி நிண்ட இடம் வெறுமை.

சித்தாண்டியில என்ன நடந்ததென்டா, நல்ல நேரத்தில விளக்கேத்தி, சொந்தபந்தமெல்லாம் சுத்தி நிக்க, முதல்ல கூறைச் சீலைய வைக்கிறதென்டு பொண்ணுட தாய் கதவத் திறந்தாவாம். உள்ளயிருந்து கறுப்பா ஒண்டு செட்டைய அடிச்சிக்கிட்டு அந்த மனிசிட நெஞ்சில பாய்ஞ்சுதாம்! விளக்கு ஒரு பக்கம், சீலை ஒரு பக்கம், மனிசி ஒரு பக்கம். பாதிச் சனம் கெட்ட சகுனமென்டுதாம், மத்தப் பாதி சீதேவி வந்திருக்கா என்டுதாம். அதோட போயிருந்தா நல்லம். வினாயகமூர்த்தி அண்ணன் என்னட்ட வர முதலே வான்கோழிட படத்த, காலில கட்டின நீல நாடாவோட, காணாமல் போனதென்டு போனில ஊர் முழுக்க அனுப்பியிருக்காரு. சனிக்கிழம மத்தியானம் அது இளையதம்பிக்குப் போயிற்று. அவரு நாடாவப் பாத்தாரு, ரதீஸப் பாத்தாரு. "களவாணிக்கு என்ட புள்ளயக் குடுக்க மாட்டன். அஞ்சு நாளில கலியாணம் என்டாலும் சரி, அஞ்சு நிமிசத்தில என்டாலும் சரி" என்டு சொல்லிற்றாரு.

அந்தப் பொடியன் சத்தியம் பண்ணுறான், முருகன் கோயில் வாசல்ல கற்பூரத்தில அடிச்சுச் சத்தியம் பண்ணுறான். ஆரு நம்புவா? லொறியில ஏத்தினது அவன்தான், இறக்கினது அவன்தான். வினாயகமூர்த்தி அண்ணன் போய்ப் பாத்து, என்ட வான்கோழிதான் என்டு சொல்லிக் கொண்டுவந்தாரு. வந்து என்னட்டக் கேட்டாரு, "தங்கச்சி, அப்ப நீ கண்ட முதலை?" நான், "அது வேற என்னத்தையோ கவ்வியிருக்கும் அண்ண" என்டன். நம்பிற்றாரு. என்னை நம்புற சனத்தக் கண்டா எனக்கே பாவமாக் கிடக்கு.

சனிக்கிழம பின்னேரம் ரதீஸிட தாய் எங்கட வீட்ட வந்தா. பட்டறை வாசல்ல நிண்டு அழுறா. "உங்கட வீட்டிலதானே ஏத்தின, ஏதும் கண்டீங்களா அக்கா? என்ட புள்ள அப்பிடிச் செய்யமாட்டான் அக்கா." நான் என்ன சொன்னன் தெரியுமா ஃபாதர்?

இல்லயென்டன். "ஒண்டும் காணல்ல புள்ள" என்டன்.

ஓம். அதான். அது நன்மைக்குச் சொன்ன பொய்யில்ல, எனக்குத் தெரியும். எந்தத் தட்டிலயும் போட்டு நிறுக்க ஏலாத பொய் அது. பயத்தில வந்தது. பேர்டி உள்ள சீவுளி போட்டுக்கிட்டு இருந்தவரு, கை நிண்டுபோச்சு. அந்த மனிசி போன உடன கேட்டாரு, "பிறெண்டா, அலுமாரிக்குள்ளயா வச்ச?" "ஓம்" என்டன். மறுகா சீவுளிய எடுத்துச் சீவத் தொடங்கிற்றாரு. எனக்கு ஏசியிருந்தாலும் பரவாயில்ல.

ஞாயிறு பூசை முடிஞ்ச உடன, "நீ போ, நான் வாறன்" என்டாரு. பஸ் ஏறிச் சித்தாண்டிக்குப் போயிற்றாரு. எனக்குத் தெரியும் என்ன சொல்லப்போறாரென்டு. "என்ட மனிசிதான் வச்சவ" என்டு சொல்லப்போறாரு, அதுதானே உண்மை. நான் வீட்ட வந்து உடுப்பெல்லாம் மடிச்சு வச்சன். எங்க போறதென்டு தெரியா, ஆனாலும் மடிச்சு வச்சன்.

அங்க போய் என்ன சொன்னாரு தெரியுமா? இளையதம்பிட முத்தத்தில, அவ்வளவு சனத்துக்கும் முன்னால நிண்டு, "பொடியன்ல பிழையில்ல. வான்கோழியப் புடிச்சு அலுமாரிக்குள்ள வச்சது நான்தான்" என்டிருக்காரு.

பொய், ஃபாதர்! என்ட பேர்டி! பெண்சாதிட முகத்தில மா கூடிப்போச்சென்டு கலியாணத்தண்டைக்குச் சொன்ன மனிசன்!

உடன நம்பிற்றாங்க. ஒரு கேள்வி இல்ல. இளையதம்பி சொன்னாராம், "சொந்தத் தம்பிக்கு எதிராச் சாட்சி சொன்ன ஆளு, இவரு பொய் சொல்லுவாரா?" என்டு. ரதீஸக் கட்டிப்புடிச்சு மன்னிப்புக் கேட்டாராம். கலியாணம் வியாழக்கிழம நடக்குது. ரதீஸிட தாய் எங்கட வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் அனுப்பியிருக்கா, அது தொண்டைக்குள்ள இறங்குதில்ல. முப்பத்திரெண்டு வருசம் எனக்குத் தலையிடி தந்த அந்த உண்மையெல்லாம் சேத்து, ஒரே ஒரு பொய்யில செலவழிச்சிற்று வந்திருக்காரு.

நான் கேட்டன், "ஏன் மனிசா என்னைச் சொல்லல்ல?" என்டு. "சொல்லத்தான் போன. உன்ட பேரு வாயில வரல்ல" என்டாரு. அதோட ஆணிய எடுத்து வாயில வச்சவருதான்.

இப்ப வாவிக்கரையில அவருக்குக் கோழிக்கள்ளன் என்டு பேரு. நேத்து முடி வெட்டப் போன இடத்தில ஒருத்தன் கொக்கரிச்சுக் காட்டினானாம். வினாயகமூர்த்தி அண்ணன் முகம் பாக்கிறாரில்ல. நான் சொன்னன், பேர்டி, பொய் சொன்னது பாவம், போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யுங்க, மனசு ஆறும் என்டு. சோறு தின்ன ஆணி எடுத்த நேரம் சொல்றாரு, வரமாட்டாராம்! ஏனென்டு கேளுங்களன். பாவத்துக்கு மனஸ்தாபப்படணுமாம், செய்ததுக்கு வருந்தணுமாம். அவருக்கு மனஸ்தாபம் இல்லையாம். மனஸ்தாபம் இல்லாம மனஸ்தாபமென்டு சொன்னா அது ரெண்டாம் பொய்யாம்! பாத்தீங்களா? அதுதான் நான் வந்த. அவருட பொய்ய என்ட பேரில போட்டு மன்னிப்பு எழுதித் தர ஏலுமா ஃபாதர்?

ஏலாதா. அவனவன்ட பாவத்த அவனவன்தானா. ம்.

நீங்களும் ஆருக்கும் சொல்ல மாட்டீங்கதானே? இஞ்ச கேட்டது வெளியில போகாது. ஊரே பேர்டியக் கள்ளனென்டு சொன்னாலும் நீங்க வாய் திறக்க மாட்டீங்க. அப்ப உங்கட வாயிலயும் ஆணிதானே ஃபாதர். கோவிக்காதீங்க, சும்மா சொன்ன.

என்ன கேட்டீங்க? வேலியா? அது எப்பிடி இங்கால வந்ததென்டா… வேலிக் கம்பி அறுந்து கிடந்தது. கம்பி எப்பிடி அறுந்தது… பழைய கம்பி… இது கட்டாயம் சொல்லணுமா?

நான்தான் வெட்டின. வியாழக்கிழம பின்னேரம், பேர்டிட கம்பி வெட்டுற குறட்ட எடுத்து. அடுத்த நாள் விடிய, பேக்கரிப் பாணத் துண்டு துண்டாப் பிச்சு, அங்க இருந்து என்ட குசினி மட்டும் போட்டன். அடைக்கலம் தேடி வரல்ல ஃபாதர், பாணுக்கு வந்தது.

ஏனென்டா… சிரிக்கக் கூடாது. நட்டாஷா போன பிறகு அந்த வீட்டில நான் ஆரோட கதைக்கிற? பேர்டி தேவையானதத்தான் கதைப்பாரு. உண்மை கொஞ்சம்தானே, கெதியா முடிஞ்சிரும். நான் வேலியடியில பாத்திரம் கழுவிக்கிட்டுக் கதைப்பன். நான் ஒரு சொல்லுச் சொன்னா அது அங்கால நிண்டு களகளகளவென்டு பத்துச் சொல்லுச் சொல்லும். நான் ஏசினா ஏசும். நான் சிரிச்சா இன்னும் பெரிசாச் சத்தம் போடும். எட்டு மாசமா நானும் அதும்தான் கதை. வினாயகமூர்த்தி அண்ணனிட்டப் போய், "அண்ண, வெட்டாதீங்க, எனக்குக் கதைக்க ஆளில்ல" என்டு கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா தந்திருப்பாரு. வெக்கமாக் கிடந்தது. வெக்கத்த விடப் பொய் லேசு ஃபாதர்.

ஓம். அதான் என்ட பாவம். முதலை, ரதீஸ், அந்தத் தாய், எல்லாம் அங்கால வந்தது.

போய்ச் சொல்லு என்டுதானே சொல்றீங்க? அதுதான் பெரிய சிக்கல்! நான் உண்மையச் சொன்னா, பேர்டி பொய்யனாப் போவாரு. சொல்லாட்டி அவரு கள்ளன். அந்த மனிசனிட்ட இருந்தது ஒரே ஒரு பேருதான், பொய் சொல்லாத பேரு. கள்ளனென்ட பேரோடயாவது அது மிஞ்சிக் கிடக்கு, தானே வந்து ஒத்துக்கொண்ட நேர்மையான கள்ளனென்டு. நான் வாயத் திறந்தா அதும் போயிரும். நிறுத்து நிறுத்துப் பாத்து எனக்குத் தலை சுத்துது. அதால இண்டைக்குக் காலமை அவரிட்டயே கேட்டன். "மனிசா, ஆணிய எடுத்திற்று இதுக்கு மட்டும் சொல்லுங்க. உங்களுக்குக் கள்ளன் என்ட பேரு வேணுமா, பொய்யன் என்ட பேரு வேணுமா?"

ஒவ்வொரு ஆணியா எடுத்து மேசையில வச்சாரு. மறுகா சொன்னாரு, "நான் கள்ளனென்டது பொய். நான் பொய்யனென்டது உண்மை. இதில கேக்க என்ன இருக்கு?"

அப்ப நான் சொல்லவா என்டு கேட்டன். "அது உன்ட வாய். ஆனா கலியாணம் முடியு மட்டும் பாத்துக்கொண்டிருக்காத. பொடியனுக்கு ஒரு குறையும் வராது, வச்சது எங்கட வீட்டில என்டதுதானே ரெண்டு கதையிலயும் வருது" என்டாரு. அதையும் யோசிச்சு வச்சிருக்காரு! ஒரு பொய் சொன்ன உடன மனிசனுக்குக் கணக்குப் பாக்கவும் வந்திற்று.

எனக்குத்தான் ஃபாதர் கால் வருதில்ல. சித்தாண்டிக்கும் போகணும், ரதீஸிட தாயிட்டயும் போகணும், அந்த அஞ்சு தோணிக்காரரிட்டயும்… உன்னிச்சைக்கும் போகணுமென்டு சொல்லாதீங்க, முதலையிட்ட நான் போகமாட்டன்.

பொறுங்க. அந்தா, அந்தோனியார் சுருவச் சிலையடியில நிக்கிறது ஆரு? இந்த மறைப்பால வடிவாத் தெரியுதில்ல… வினாயகமூர்த்தி அண்ணன்! ஓம், செவ்வாய்க்கிழமதானே, அந்தோனியார்ட நாள், சைவ ஆக்களும் வருவாங்க. கையில என்ன, கூடையா? அதுக்குள்ள கறுப்பா… ஐயோ, வான்கோழி! வெட்டல்லயா? காணாமல் போனது கிடைச்சா அந்தோனியாருக்கே தாறனென்டு நேந்திருப்பாரு போல. அந்த மனிசன் நேந்த நேத்திய நிறைவேத்த வந்திருக்காரு, நான் இஞ்ச மறைப்புக்குப் பின்னால நிக்கன்.

இல்ல ஃபாதர், எனக்கு இப்ப மன்னிப்பு வேணாம். வச்சிருங்க, பிறகு வந்து எடுக்கன். இந்தக் கையக் கொஞ்சம்… ஆ, வேணாம், நானே எழும்புறன். முழங்கால்… ம்… சரி.

அண்ண! வினாயகமூர்த்தி அண்ண! போகாதீங்க. முகத்தத் திருப்பாதீங்க, கொஞ்சம் நில்லுங்க. ஓம், கோயிலென்டு தெரியும், மெல்லக் கதைக்க எனக்கு வராது. பேர்டி களவெடுக்கல்ல அண்ண. உங்கட வேலிக் கம்பிய வெட்டினது நான். முதலைய நான் காணவேயில்ல. பேர்டி அங்க போய்ச் சொன்னது பொய். ஓம் அண்ண, எங்கட பேர்டிதான்… எனக்காகப் பொய் சொல்லியிருக்காரு.